கிடங்குக் கடை அட்டைக்குப் பணம் கட்டலாமா? கரையோர வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையில் எங்கள் தெருவில் சில வீடுகள் சேர்ந்து அரிசி, எண்ணெய், பருப்பு ஆகியவற்றை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்கிறோம். கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. அதனால் மொத்தக் கொள்முதல் என்று பேச்சு வந்தாலே என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காஸ்ட்கோ என்ற அமெரிக்கக் கிடங்குக் கடையின் அட்டை எடுக்கலாமா என்கிறார்கள். ஏர்வாடியிலும் பாம்பனிலும் கடை வைத்திருப்பவர்கள் மொத்த விற்பனைக் கடைகளின் அட்டையைப் பற்றிக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

கிடங்குக் கடை என்றால் என்ன? சூப்பர் மார்க்கெட்டிலிருந்து எதில் வேறுபடுகிறது?

உயரமான கூரை போட்ட பெரிய கொட்டகை. சரக்கு வந்த பெட்டியோடு அடுக்கி வைத்திருப்பார்கள். சின்னப் பொட்டலம் கிடைக்காது. ஆண்டுக்கு ஒரு தொகை கட்டி அட்டை வாங்கியவர்தான் கல்லாவில் பணம் செலுத்தலாம். 1976இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் சோல் பிரைஸ் என்பவர் தொடங்கிய பிரைஸ் கிளப் இந்த வகைக் கடைகளுக்கு முன்னோடி. 1983இல் சியாட்டிலில் காஸ்ட்கோவும், அதே ஆண்டில் வால்மார்ட்டின் சாம்ஸ் கிளப்பும் வந்தன. பிரைஸ் கிளப்பும் காஸ்ட்கோவும் 1993இல் ஒன்றாக இணைந்தன.

விலை குறைவதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பல பத்தாயிரம் வகைச் சரக்கு இருக்கும். காஸ்ட்கோவில் ஏறக்குறைய 4,000 வகைதான். ஒவ்வொன்றையும் பெரும் அளவில் வாங்குவதால் கொள்முதல் விலை இறங்குகிறது. அடக்க விலைக்கு மேல் ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு மிகாமல்தான் விலை வைப்பார்கள். பிறகு லாபம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பகுதி அட்டைக் கட்டணத்திலிருந்து. 2024 நிதியாண்டில் காஸ்ட்கோவின் நிகர லாபம் சுமார் 737 கோடி டாலர். அந்த ஆண்டு அட்டைக் கட்டணமாக மட்டும் வந்தது சுமார் 480 கோடி டாலர். நீங்கள் கட்டணம் கட்டிய அன்றே கடைக்கு வரவேண்டியது வந்துவிடுகிறது. உங்களுக்கு வரவேண்டியது, அதற்குப் பிறகு நீங்கள் என்ன வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அப்படிப்பட்ட கடை இந்தியாவில் இருக்கிறதா?

காஸ்ட்கோவுக்கு இந்தியாவில் கடை இல்லை. இங்கே உருவத்தில் அதைப் போல வந்தது மெட்ரோ. 2003இல் பெங்களூரில் தொடங்கிய அந்த ஜெர்மானிய நிறுவனத்தின் இந்தியக் கடைகளை 2023இல் ரிலையன்ஸ் ரீடெய்ல் வாங்கிக்கொண்டது. ஆனால் இந்த வகைக் கடைகளின் அடிப்படை வேறு. வெளிநாட்டு முதலீட்டில் நடக்கும் மொத்த விற்பனைக் கடை, விதிப்படி வியாபாரிகளுக்கும் நிறுவனங்களுக்கும்தான் விற்கலாம். வீட்டுச் சமையலறைக்காக வாங்குபவருக்கு விற்கக் கூடாது. அதனால்தான் அட்டை கேட்டால் ஜி.எஸ்.டி. எண், வணிக உரிமம், உணவுத் தொழில் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் அட்டைக்குக் கட்டணம் இருக்காது, காகிதம்தான் வேண்டும். அமெரிக்காவில் பணம் இருந்தால் அட்டை, இங்கே தொழில் இருந்தால் அட்டை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் என்னிடம் வருகிறார்கள்.

கட்டணம் திரும்ப வருமா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

முதலில் உங்கள் வீட்டில் இப்போது வாங்கும் சாமான்களை எழுதுங்கள். அட்டை வந்தபின் வாங்கலாம் என்று நினைப்பவற்றைச் சேர்க்காதீர்கள். அங்கேதான் கணக்கு கெடுகிறது. ஐந்து கிலோ பாதாம் பருப்பைப் பாதி விலைக்கு வாங்கியதாக மகிழ்கிறவர் வீட்டில், அதுவரை பாதாம் பருப்பே வாங்கியிருக்க மாட்டார்கள்.

எழுதியதில் ஒவ்வொன்றுக்கும் கிலோ விலையோ லிட்டர் விலையோ போடுங்கள். இப்போது பொட்டலங்களிலேயே கிராமுக்கு, மில்லிலிட்டருக்கு இவ்வளவு என்று அலகு விலை அச்சிடுகிறார்கள். எழுத்து பொடியாக இருந்தாலும் தேடிப் படியுங்கள். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பது நம்பிக்கைதான். சலுகை நாளில் பக்கத்துக் கடையின் சின்னப் பாக்கெட் மலிவாக இருப்பதை அலகு விலை காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு ரேஷனில் வருவதைக் கழியுங்கள். அரிசி அட்டை உள்ள வீட்டுக்கு அரிசி இலவசமாக வருகிறது. சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில் எல்லாம் எந்தக் கிடங்குக் கடையும் தொட முடியாத விலையில் கிடைக்கின்றன. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் அட்டை தேவையா என்ற கேள்வி.

மிஞ்சியதில் சராசரியாக எத்தனை சதவீதம் குறைகிறது என்று பாருங்கள். கட்டணத்தை அந்தச் சதவீதத்தால் வகுத்தால், ஆண்டுக்கு எவ்வளவுக்கு வாங்கினால் கட்டணம் கழியும் என்பது தெரிந்துவிடும். கட்டணம் 1,000 ரூபாய், குறைவு 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 12,500 ரூபாய்க்கு வாங்க வேண்டும். 4 சதவீதம்தான் குறைகிறது என்றால் 25,000. போக்குவரத்தும் கெட்டுப்போகும் சரக்கும் இதில் இன்னும் சேரவில்லை.

லாத்தா, என் மகன் டல்லாஸில் இருக்கிறான். காஸ்ட்கோவில் 65 டாலர் அட்டை எடுப்பதா, 130 டாலர் அட்டை எடுப்பதா?

2024 செப்டம்பரில் உயர்ந்த கட்டணம் அது; அதற்கு முன் 60, 120 என்று இருந்தது. விலை உயர்ந்த அட்டைக்கு, வாங்கியதில் 2 சதவீதம் ஆண்டு முடிவில் திரும்பக் கிடைக்கும். அதற்கு 1,250 டாலர் உச்சவரம்பு. கூடுதலாகக் கட்டும் 65 டாலரை 2 சதவீதத்தால் மீட்க ஆண்டுக்கு 3,250 டாலருக்கு வாங்க வேண்டும், அதாவது மாதம் 271 டாலர். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், வாரந்தோறும் அங்கேதான் பால், முட்டை, கோழி, டயப்பர் என்றால் எளிதாகத் தாண்டிவிடும். தனி ஆளாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையனுக்கு 65 டாலர் அட்டை போதும். அதுவும் வேண்டுமா என்று யோசிக்கலாம்.

65 டாலர் அட்டைக்கு 10 சதவீதம் மிச்சமாகிறது என்று வைத்தால், ஆண்டுக்கு 650 டாலருக்கு வாங்கினால் சரியாகிவிடும். கார் வைத்திருப்பவருக்குப் பெட்ரோல் ஒன்றே பெரிய காரணம். பெரும்பாலான இடங்களில் காஸ்ட்கோ பங்கில் அட்டைக்காரருக்கு மட்டும்தான் பெட்ரோல் போடுவார்கள். விலையும் சுற்று வட்டாரத்தைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். வீட்டிலிருந்து கடை எவ்வளவு தூரம் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் சமையலுக்கு வேண்டியது எல்லாம் அங்கே கிடைக்காது. பாசுமதி இருக்கும். இட்லி அரிசியும் நம் புழுங்கல் அரிசியும் பெரும்பாலும் இந்தியக் கடையில்தான். இறைச்சி வாங்குகிறவர்கள் ஹலால் முத்திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு கிளையில் இருந்தது அடுத்த கிளையிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அவன் இரண்டு கடைக்கும் போகத்தான் போகிறான். இந்தியக் கடையில் ஆகும் செலவைக் காஸ்ட்கோ கணக்கில் சேர்க்காமல் இருந்தால் சரி.

அமெரிக்கக் கிளைகளில் கடன் அட்டை என்றால் விசா மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள். வேறு அட்டை வைத்திருப்பவர் கல்லா வரை போய்த் திரும்ப வேண்டாம்.

நாங்கள் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போகிறோம். அவள் அட்டையில் நாங்கள் வாங்கலாமா?

அவளோடு விருந்தினராக உள்ளே போகலாம், ஓர் அட்டைக்காரர் இருவரை அழைத்துப் போகலாம். பணம் அவள்தான் கட்ட வேண்டும். ஒவ்வோர் உறுப்பினருக்கும் அதே முகவரியில் வசிக்கும் இன்னொருவருக்கு இலவசமாக ஓர் அட்டை உண்டு. அது பெரும்பாலும் மருமகனிடம் இருக்கும். ஊருக்குத் திரும்பும்போது பெட்டி நிறைய சாக்லேட்டும் விட்டமின் மாத்திரைப் புட்டிகளும் வாங்கி அடுக்குவதற்கு முன் விமான எடை வரம்பைப் பாருங்கள். கூடுதல் பெட்டிக்குக் கட்டும் பணத்தில் மிச்சம் போய்விடும்.

மதுரைக்குப் போய் மொத்தமாக வாங்கி வந்தால் லாபமா?

கீழமாசி வீதியில் அட்டையே தேவையில்லை. மூட்டைக் கணக்கில் வாங்கினால் மொத்த விலைக்குத் தருவார்கள். கேள்வி தூரத்தைப் பற்றியது.

கீழக்கரையிலிருந்து மதுரை போய்வர ஏறக்குறைய 250 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில், பெட்ரோல் நூறு ரூபாய் என்றால், எரிபொருளுக்கே சுமார் 1,700 ரூபாய். போகலூரிலும் திருப்பாச்சேத்தியிலும் சுங்கச்சாவடி. மத்தியானம் ஆளுக்கொரு சாப்பாடு. எரிபொருளை மட்டும் 8 சதவீத மிச்சத்தில் ஈடுகட்ட 21,250 ரூபாய்க்குச் சரக்கு வாங்க வேண்டும். ஒரு வீட்டுக்கு அவ்வளவு சரக்கு எதற்கு? இராமேசுவரத்திலிருந்து போகிறவருக்கு இன்னும் தொலைவு.

ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ எப்படியும் மதுரை போகிறீர்கள், டிக்கியில் இடம் இருக்கிறது என்றால் அது வேறு. அப்போது சரக்குக்கென்று தனிப் பயணச் செலவு இல்லை. மற்றபடி லாரி பார்சலில் போடச் சொல்லி இராமநாதபுரத்தில் எடுத்துக்கொள்வது மலிவு. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பார்சல் ஷெட்டிலிருந்து வீடு வர ஆட்டோ என்று மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் மூட்டை ஏற்றுவதைப் பற்றி நடத்துநரிடம் பேசிப் பார்த்தவர்கள் மறுபடி கேட்க மாட்டார்கள்.

அரிசி 26 கிலோ மூட்டையாக வருகிறதே, ஏன்?

வரிக்காக. 2022 ஜூலையிலிருந்து, 25 கிலோவும் அதற்குக் குறைவாகவும் அடைத்து முத்திரையிட்ட அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு மேல் எடை இருந்தால் இல்லை. ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டி 26 ஆக்கினார்கள். எந்த அட்டையும் இல்லாமல் நமக்குக் கிடைக்கும் சலுகை அது. அரிசி அதிகம் செலவாகும் வீட்டில் 26 கிலோ மூட்டை வாங்காமல் 10 கிலோ பையாக வாங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை, வைக்க இடம் இல்லை என்றால் தவிர.

எண்ணெய் டின்னில் கவனம் வேண்டும். 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் என்பதால், 15 லிட்டர் டின்னில் 13.65 கிலோதான் இருக்கும். இரண்டும் ஒரே விலை சொன்னால் எதை எடுப்பது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே விலை சொல்ல மாட்டார்கள். பத்து, இருபது ரூபாய் குறைத்துச் சொல்வார்கள், அங்கேதான் ஏமாறுகிறோம்.

கடலோரத்தில் எவ்வளவு நாளைக்குச் சரக்கு வைக்கலாம்?

இதைப் பற்றி நிறைய எழுதுகிறேன். விலை மிச்சம் என்று மேலே போட்ட கணக்கையெல்லாம் நம் ஊர்க் காற்று ஒரு மழைக்காலத்தில் அழித்துவிடும்.

உப்புக்காற்றில் சர்க்கரையும் தூள் உப்பும் கசியும். கசிந்து கட்டியாவது வீண் இல்லை, உடைத்துப் பயன்படுத்தலாம். கருப்பட்டி அப்படியில்லை. சாயல்குடிப் பக்கத்திலிருந்து வரும் நல்ல கருப்பட்டியும் ஐப்பசி, கார்த்திகையில் நீர் விட்டுப் பூஞ்சை பிடித்துவிடும். அந்த மாதங்களுக்கு முன் அளவாக வாங்கி, காய்ந்த ஓலைப்பெட்டியிலோ காற்றுப் புகாத டப்பாவிலோ வையுங்கள்.

வண்டு வரும் வரிசை எனக்குத் தெரிந்தவரை இப்படி: ரவையும் கோதுமை மாவும் முதலில், பிறகு கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, அடுத்து அரிசி. ரவையை வாங்கிய அன்றே வறுத்து ஆறவைத்தால் நாள் தாங்கும். மாவை மொத்தமாக வாங்கவே வேண்டாம். கோதுமையாக வாங்கி மாதத்துக்கு ஒரு முறை அரைத்துக்கொள்ளுங்கள். பருப்பை வெயிலில் உலர்த்தி, ஆறிய பிறகு எவர்சில்வர் டிரம்மில் போட்டு வசம்பு வைக்கலாம். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, நீங்களே வண்டுக்கு வீடு கட்டிக்கொடுத்தது போலாகும்.

எண்ணெயில் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். டின்னைத் திறந்தபின் வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, சின்னப் பாத்திரத்தில் ஊற்றி ஊற்றிப் பயன்படுத்துங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு டின்னைத் திறந்துவைத்து மாதக்கணக்கில் இழுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கவலையில்லாமல் மொத்தமாக வாங்கத் தகுந்தவை சோப்பு, துணி சோப்புத் தூள், பாத்திரம் கழுவும் பார், டூத் பேஸ்ட், குழந்தை டயப்பர், கல் உப்பு, புளி. புளியை உப்பு போட்டுப் பிசைந்து பானையில் அடைத்தால் அடுத்த ஆண்டு வரை இருக்கும்.

வத்தல் மிளகாய்க்குக் கிடங்கும் வேண்டாம், மதுரையும் வேண்டாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் நம் மாவட்டத்துச் சரக்கு. மாசி, பங்குனியில் புது வத்தல் வரும்போது பரமக்குடிப் பக்கம் வாங்கி நன்றாகக் காயவைத்து மூட்டை கட்டிக்கொள்ளலாம். அதைப் பளபளப்பான பையில் அடைத்து ஊர் சுற்றி நம்மிடமே விற்கும்போது விலையைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

அக்கா, தெருமுனைக் கடையில் விலை கூடுதல். அங்கே வாங்குவதை நிறுத்திவிடலாமா?

நிறுத்துவதற்கு முன் அந்தக் கடையில் உங்கள் பெயரில் பற்று நோட்டு இருக்கிறதா என்று யோசியுங்கள். கடலுக்குப் போகிற வீட்டில் வருமானம் மாதச் சம்பளம் போல வராது. ஒரு வாரம் நல்ல பாடு, மறுவாரம் காற்று, புயல் எச்சரிக்கை, கரையில் படகு. அந்த வாரத்தில் அரிசியும் எண்ணெயும் தருவது தெருமுனைக் கடைக்காரர். வட்டி என்று எழுத மாட்டார். விலையில் கொஞ்சம் வைத்திருப்பார். அதை நாம் வட்டியாக எடுத்துக்கொண்டால் எவ்வளவு என்று கணக்குப் போடலாம், போட்டும் பார்த்திருக்கிறேன். வெளியில் கடன் வாங்குவதைவிடக் குறைவுதான்.

கிடங்குக் கடையில் பற்று கிடையாது. கையில் முழுப் பணம் வேண்டும். மூன்று மாதச் சரக்குக்கு ஒரே நாளில் பணத்தைப் போட்டுவிட்டு, மறுவாரம் வலை கிழிந்தால் பணத்துக்கு எங்கே போவது? நகையை வைத்துப் பணம் எடுத்து, மலிவாகப் பருப்பு வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சம்பளம் மாதம் தவறாமல் வருகிற வீட்டுக்கும், வளைகுடாவிலிருந்து பணம் வருகிற வீட்டுக்கும் இந்தக் கவலை குறைவு. அவர்களும் தெருக்கடையை அடியோடு விட்டுவிட வேண்டாம் என்பேன். இரவு ஒன்பது மணிக்குப் பால் பவுடர் தேவைப்படும்போது மதுரை திறந்திருக்காது.

மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன் மொத்தமாக வாங்கி வைப்பது நல்லதா?

நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. தேதி முன்கூட்டியே தெரிந்த வருமானக் குறைவு என்பதால், பங்குனியில் கையில் பணம் இருக்கும்போதே இரண்டு மாத அரிசி, பருப்பு, சோப்பு வாங்கி வைப்பது சரியான காரியம். வெயில் காலம், சரக்கும் கெடாது. மழைக்காலத்துக்கு முன் வாங்குவதைவிட இதுவே மேல். இதற்கும் ஆண்டுக் கட்டண அட்டை தேவையில்லை. ஆண்டில் ஒரு முறை பெரிதாக வாங்குகிறவர் இராமநாதபுரத்திலேயே மொத்தக் கடையில் விலை பேசலாம். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லாததால் அந்த வீடுகளின் கணக்கு வேறு.

பாம்பனில் டீக்கடை வைத்திருக்கிறேன். மொத்த விற்பனைக் கடை அட்டை எடுக்கலாமா?

எடுங்கள். கட்டணம் இல்லாத அட்டையை எடுத்துவைப்பதில் நட்டம் என்ன? சர்க்கரை, டீத்தூள், மைதா, எண்ணெய் நாள்தோறும் தீர்கிற தொழிலுக்குத்தான் இந்தக் கடைகளே. ஏர்வாடி தர்கா பக்கத்து ஓட்டல்களும், இராமேசுவரத்தில் யாத்திரிகர்களுக்குச் சமைக்கும் மெஸ்களும் அதே வகை. கடை வண்டி பாம்பன் வரை கொண்டுவந்து தருமா, குறைந்தது எவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.

விலைச்சீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே வரி சேர்க்காத விலையைப் பெரிதாகப் போட்டிருக்கலாம். உள்ளீட்டு வரியை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வியாபாரிக்கு அது சரியான விலை. 5 சதவீத வரி கட்டும் சாதாரண உணவகத்துக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் இணக்க முறையில் (காம்போசிஷன்) இருப்பவருக்கும் கிடையாது. ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது வரி சேர்த்த விலையை.

பள்ளிவாசல் ஜமாஅத், மீனவர் சங்கம் போன்றவை அட்டை பெற முடியுமா?

பதிவு செய்த சங்கமோ பொது அறக்கட்டளையோ, தன் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்க விதியில் இடம் உண்டு. நோன்புக் கஞ்சிக்கும் அன்னதானத்துக்கும் வாங்கலாம். பதிவுச் சான்று வேண்டும். அதே அட்டையில் நிர்வாகிகள் வீட்டுச் சாமானும் வாங்கினால் கணக்குக் கூட்டத்தில் சண்டை வரும்.

நண்பர் அட்டையில் வாங்கிக்கொள்ளலாமா?

பில் அவர் ஜி.எஸ்.டி. எண்ணில் போகும். அவர் கணக்கில் வந்த சரக்கு அவர் கடையில் விற்றாக வேண்டும். அவருக்குத் தொல்லை கொடுக்காதீர்கள்.

நாலைந்து வீடுகள் சேர்ந்து வாங்குவது எப்படி?

எங்கள் தெருவில் நடப்பதைச் சொல்கிறேன். பணம் முன்கூட்டியே வந்துவிட வேண்டும். பிறகு தருகிறேன் என்பவருக்கு அந்த மாதம் பங்கு இல்லை, மச்சானாக இருந்தாலும். சரக்கு வந்ததும் எல்லோர் முன்னிலையிலும் நிறுத்துப் பிரிக்கிறோம். மூட்டையிலிருந்து பிரிக்கும்போது சிந்துவது, சாக்கில் ஒட்டுவது என்று கொஞ்சம் குறையும். அதை எல்லோருக்கும் சமமாகப் போட்டுவிடுகிறோம். வண்டிக்கூலி வீட்டுக்குச் சமம் என்று வைத்தபோது, ஐந்து கிலோ வாங்குகிறவர் முகம் சுளித்தார். இப்போது எடைக்குத் தக்கபடி.

என்ன வாங்குவது என்பதைக் குறுகலாக வையுங்கள். அரிசி, எண்ணெய், துவரம் பருப்பு, உளுந்து, சோப்பு. இதற்கு மேல் போனால் ஒருவருக்குப் பொன்னி, இன்னொருவருக்கு வேறு அரிசி என்று மொத்தக் கொள்முதல் சில்லறையாகிவிடும். இன்னொன்று, எங்கள் தெருவில் இன்றுவரை யாரும் எந்த அட்டைக்கும் பணம் கட்டவில்லை. இராமநாதபுரத்து மொத்தக் கடைக்காரர் மூட்டைக் கணக்குக்கு இறக்கித் தரும் விலையே எங்களுக்குப் போதுமாக இருக்கிறது.

பெரிய ஃப்ரீசர் வாங்கி மொத்தமாக இறைச்சி வைத்தால்?

மின்கட்டணத்தைப் பாருங்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறி, பில் சட்டென்று ஏறும். ஃப்ரீசர் உங்களை அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளினால் இறைச்சியில் வந்த மிச்சம் அங்கே போய்விடும். காலையில் கரைக்குப் போனால் புது மீன் கிடைக்கிற ஊரில், மீனை உறைய வைத்துத் தின்பதற்காக ஒரு பெட்டி வாங்குவது எனக்கு விளங்கவில்லை.

காஸ்ட்கோ அட்டை எடுத்துவிட்டேன், அதிகம் பயன்படவில்லை. பணம் போனதுதானா?

போகவில்லை. திருப்தி இல்லை என்றால் உறுப்பினர் கட்டணத்தைத் திரும்பத் தருவதாகக் காஸ்ட்கோ வாக்குக் கொடுத்திருக்கிறது. கிளையின் உறுப்பினர் சேவை மேசையில் கேட்க வேண்டும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டில் கடன் அட்டை எண்ணைக் கொடுத்திருந்தால் அதையும் அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.